89 சதவீதமா? எஃப்2 தட்டுமுன் கொஞ்சம் நில்லுங்கள்

இந்த வருடமும் ஆய்வகத் தேர்வில் அதே விடை. 278 டிகிரி நீராவி, 30 டிகிரி கடல்நீர். கார்னோ பயனுறுதிறன் (வெப்பத்தில் அதிகபட்சம் எவ்வளவு பங்கு வேலையாக மாறலாம் என்ற வரம்பு) எவ்வளவு? மாணவர் காட்டிய திரையில் 0.892. "89 சதவீதமாடே?" என்றேன். "சாஃப்ட்வேரே சொல்லிட்டு சார்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்த இடத்தில்தான். அந்த சாஃப்ட்வேர் இஇஎஸ் (EES), விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான சமன்பாட்டுத் தீர்வி. எஃப்2 தட்டினால் தீர்க்கத் தொடங்கும். அதற்கு நீராவியின் பண்புகள் தெரியும். உங்கள் கணக்கு தெரியாது. பத்துச் சமன்பாடு, பத்து மாறி. எண்ணிக்கை பொருந்தினால் தீர்த்துக் கொடுத்துவிடும். பம்பு வேலையைக் கழிக்காமல் கூட்டி எழுதினாலும் தீர்க்கும். வெப்பம் குளிரிலிருந்து சூட்டுக்குத் தானாக ஏறுவதாக எழுதினாலும் தீர்க்கும். சொன்ன புள்ளியைக் கூட்டித் தரும் கணக்குப்பிள்ளை அது. வரவு நிஜமா என்று கேட்காது. "எரர் எதுவும் வரலையே சார்" என்பதும் பதிலாகாது. 1 − 30/278 என்று செல்சியஸைச் செல்சியஸால் வகுத்தால் அலகு அடிபட்டுப்போகும், பிறகு அலகுச் சோதனை எதைப் பிடிக்கும்?

கெல்வினில் போட்டால் 1 − 303/551, அதாவது 45 சதவீதம். அதுவும் உச்சவரம்புதான். நம் கூடங்குளத்தில் ஒவ்வொரு உலையிலும் 3000 மெகாவாட் வெப்பம் உண்டாகி, மின்சாரமாக வருவது 1000 மெகாவாட். அந்த உலைக்குப் பக்கத்து ராதாபுரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பையனுக்கே 89 உறுத்தவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்ல?

அதற்காக, நீராவி அட்டவணையில் இடைமதிப்பு கண்டே மூன்று மணி நேரத்தையும் கழிக்கச் சொல்லும் மூத்தவர்கள் கட்சியிலும் நான் இல்லை. டர்பைனுக்குள் போகும் வெப்பநிலையை மாற்றாமல் கொதிகலன் அழுத்தத்தை மட்டும் 20 பாரிலிருந்து 150 பார் வரை ஏற்றினால், வெளியேறும் நீராவியின் உலர்வு (நீர்த்துளியாகாமல் ஆவியாகவே இருக்கும் பங்கு) எப்படிச் சரிகிறது? கையால் போட்டால் பொழுது போய்விடும். இதில் ஒரு நிமிடம். ஈரம் 10, 12 சதவீதத்தைத் தாண்டினால் பிளேடு அரிக்கும் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். மறுசூடாக்கல் (நீராவியை நடுவில் மீண்டும் சூடாக்குவது) எதற்கு என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வருகிறது.

தம்பி, தங்கச்சிகளே, எஃப்2 தட்டுமுன் வெப்பநிலை–என்ட்ரோபி படத்தை நோட்டில் கையால் போடுங்கள். நிலைப்புள்ளிகளுக்கு எண் கொடுங்கள். விடை எதற்கும் எதற்கும் நடுவில் வரும் என்று முதலிலேயே எழுதுங்கள், பேனாவால். விகிதத்தில் வரும் வெப்பநிலை கெல்வின். இதில் பேச்சே இல்லை. ஊக மதிப்பையெல்லாம் (தீர்வி தேடத் தொடங்கும் எண்களை) 1 என்றே விட்டுவிட்டு, விடை கிடைக்காதபோது "கன்வெர்ஜ் ஆகலை சார்" என்று என்னிடம் வராதீர்கள்.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிரிண்ட் அவுட்டுக்கு மார்க் போடாதீர்கள். ஒரு தப்பை ஒளித்துவைத்த சமன்பாட்டுத் தாளைக் கையில் கொடுத்து, எங்கே என்று கேளுங்கள். வைவாவும் சீக்கிரம் முடியும்.