மெய்நிகர் கணினிக்குள் விபிஎன்: ஏஆர்எம் சிப்பில் சுரங்கம் அடைபடுவது எங்கே?

ஏஆர்எம் சிப் உள்ள மடிக்கணினியில் ஒரு மெய்நிகர் கணினியை (மென்பொருளாலேயே அமைந்த கணினியை) உருவாக்கி, அதற்குள் விண்டோஸை ஓட்டுகிறவர்கள் பலர் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறார்கள். இன்டெல் வகைச் சிப்புக்காக எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் சிக்கலின்றி ஓடுகிறது. தரவை மறையாக்கம் செய்து, சுரங்கம் எனப்படும் தனிப் பாதையில் அனுப்பும் விபிஎன் மென்பொருளும் நிறுவப்பட்டுவிடுகிறது. சாளரம் திறக்கிறது, கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. இணைப்புப் பொத்தானை அழுத்திய பிறகுதான், தனக்குரிய பிணைய அடாப்டரைக் காணவில்லை என்று கைவிரிக்கிறது. உடனே சந்தேகம் வைஃபை மீதும் ஃபயர்வால் மீதும் பாய்கிறது. பெரும்பாலான நேரங்களில் அவை இரண்டுமே குற்றமற்றவை. தேட வேண்டிய இடம் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல்.

எக்ஸ்86 எனப்படும் இன்டெல் வகைச் சிப்பும் ஏஆர்எம் சிப்பும் புரிந்துகொள்ளும் கட்டளைகள் வேறு வேறு. எக்ஸ்86 கட்டளை ஒன்று 1 பைட்டிலிருந்து 15 பைட் வரை எந்த நீளத்திலும் இருக்கலாம். 64 பிட் ஏஆர்எம் கட்டளை எப்போதும் 4 பைட்தான். நினைவகத்தில் எழுதியவை மற்ற கோர்களின் கண்ணுக்கு எந்த வரிசையில் தெரியும் என்பதிலும் இரண்டுக்கும் தனித்தனி விதிகள். ஆகவே ஒன்றுக்காக உருவான மென்பொருள் மற்றொன்றில் ஓட வேண்டுமானால், இடையில் ஒரு மொழிபெயர்ப்பு நிரல் வேண்டும். ஆப்பிள் 2020 நவம்பரில் எம்1 சிப் கொண்ட மேக் கணினிகளை வெளியிட்டபோது ரொசெட்டா 2 என்ற நிரலை அந்த வேலைக்கு வைத்தது. ஏஆர்எம் சிப்புக்கான விண்டோஸ் 11 தனக்கென்று ஒரு மொழிபெயர்ப்பியை வைத்திருக்கிறது. 2024இல் அது பிரிசம் என்ற பெயரில் மேம்பட்டு வந்தது.

மெய்நிகர் கணினியை நடத்தும் ஹைப்பர்வைசர் மொழிபெயர்ப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சிப்பின் நேரத்தையும் நினைவகத்தையும் பங்கிட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கட்டளைகள் நேரடியாக அசல் சிப்பிலேயே நடக்கின்றன. மெய்நிகர் கணினி வேகமாக ஓடுவதன் காரணமும் அதுதான். எனவே ஏஆர்எம் கணினியில் இப்படி ஓடும் விண்டோஸ், ஏஆர்எம் சிப்புக்கென்றே தொகுக்கப்பட்ட விண்டோஸாகத்தான் இருக்க முடியும். அதன் கெர்னலும் அப்படியே.

இனி, ஏஆர்எம் சிப்பில் அதிகார நிலைகள் உண்டு. சாதாரண மென்பொருள்கள் ஓடுவது இஎல்0 என்ற அடிநிலையில். கெர்னலும் அதோடு சேர்ந்து சாதனங்களை இயக்கும் டிரைவர்களும் இஎல்1இல் ஓடுகின்றன. இஎல்2 ஹைப்பர்வைசருக்கானது. விண்டோஸின் மொழிபெயர்ப்பி வேலை செய்வது இஎல்0இல் மட்டும். அதற்கு மேலே உள்ள நிலையில் எக்ஸ்86 கட்டளைகளை மொழிபெயர்க்க ஆளே இல்லை. கணக்கு மென்பொருள் முழுவதும் அடிநிலையிலேயே வாழ்வதால் பிழைத்துக்கொள்கிறது. விபிஎன் அப்படி வாழ முடியாது.

அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு பாக்கெட்டின், அதாவது பிணையத்தில் செல்லும் ஒரு தரவுத் துண்டின், பயணத்தைப் பின்தொடரலாம். உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கிறது. கெர்னல் தன் வழித்தட அட்டவணையைப் பார்த்து, அந்தப் பாக்கெட்டை விபிஎன் உருவாக்கிய மெய்நிகர் அடாப்டரிடம் கொடுக்கிறது. இந்த அடாப்டருக்குப் பின்னால் கம்பியும் இல்லை, அலையும் இல்லை. ஒரு மென்பொருள்தான் காத்திருக்கிறது. அது பாக்கெட்டை எடுத்து மறையாக்கம் செய்து, வேறொரு பாக்கெட்டுக்குள் வைத்து, மீண்டும் கெர்னலிடம் ஒப்படைக்கிறது. இந்த முறை அது வெளியே செல்லும் அடாப்டர் வழியாக விபிஎன் சேவையகத்துக்குப் புறப்படுகிறது. மறையாக்கம் செய்யும் பகுதி அடிநிலையிலேயே இருக்கலாம். மெய்நிகர் அடாப்டர் மட்டும் கெர்னலுக்குள் இருந்தே தீர வேண்டும், ஏனென்றால் வழித்தடங்களை முடிவு செய்வது கெர்னல். விண்டோஸில் அந்த அடாப்டரை உண்டாக்குவது ஒரு டிரைவர். டிரைவர் எக்ஸ்86 சிப்புக்காகத் தொகுக்கப்பட்டிருந்தால், ஏஆர்எம் கெர்னல் அதை ஏற்காது. அமைப்புகளில் எதைத் திருத்தினாலும் இது மாறாது.

ஆகவே முதல் தீர்வு, ஏஆர்எம்64 டிரைவரோடு வரும் விபிஎன் மென்பொருளைத் தேடிப் பிடிப்பது. வயர்கார்டும் ஓபன்விபிஎன்னும் விண்டோஸுக்கு அத்தகைய பதிப்புகளைத் தருகின்றன. சேவையகம் ஐகேஇவி2 என்ற விபிஎன் நெறிமுறையை ஏற்குமானால் எதையும் நிறுவவே வேண்டாம். விண்டோஸோடு வரும் விபிஎன் வசதி கெர்னலோடு சேர்ந்தே ஏஆர்எம் சிப்புக்குத் தொகுக்கப்பட்டது. பலரும் கண்டுகொள்ளாத வழி இது. நான் முதலில் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

உள்ளே லினக்ஸ் இருந்தால் நிலைமை இன்னும் நல்லது. டன் எனப்படும் மெய்நிகர் அடாப்டர் லினக்ஸ் கெர்னலின் சொந்த உறுப்பு. வயர்கார்டும் 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பிலிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அலுவலகங்களில் புழங்கும் பல வணிக விபிஎன் சேவையகங்களோடு பேசத் தெரிந்த ஓபன்கனெக்ட், திறந்த மூல நிரல் என்பதால் ஏஆர்எம் சிப்புக்கும் தொகுக்கப்பட்டுக் கிடைக்கிறது.

எக்ஸ்86 டிரைவரைத் தவிர வேறு வழியே இல்லை என்றால், முழுக் கணினியையும் பாவனை செய்யும் கியூஇஎம்யூ இருக்கிறது. ஃபேப்ரிஸ் பெல்லார் உருவாக்கிய இந்த நிரல் ஒரு முழு எக்ஸ்86 கணினியாகவே நடிக்கிறது. கெர்னல், டிரைவர், மென்பொருள் எல்லாம் மொழிபெயர்க்கப்படுவதால் பழைய டிரைவரும் ஓடும். விலை, வேகம். நாள் முழுவதும் வேலை செய்ய இது ஏற்றதல்ல.

டிரைவர் சிக்கல் தீர்ந்த பிறகும் சுரங்கம் திறக்காமல் போகலாம். அடுத்த தடை முகவரி மாற்றம். மெய்நிகர் கணினி வழக்கமாகத் தாய்க் கணினியின் (தன்னைத் தாங்கி ஓட்டும் அசல் கணினியின்) முகவரியைப் பகிர்ந்துகொண்டு வெளியே பேசுகிறது. திரும்பி வரும் பாக்கெட் யாருக்கானது என்பதைத் தாய்க் கணினி அதில் உள்ள போர்ட் எண்ணை (எந்த இணைப்புக்கானது என்று காட்டும் எண்ணை) கொண்டு கண்டுபிடிக்கிறது. ஐகேஇவி2 விபிஎன்கள் தரவை அனுப்பப் பயன்படுத்தும் ஐபிசெக் முறையின் ஈஎஸ்பி பாக்கெட்டில் போர்ட் எண்ணே கிடையாது. அதனால்தான் அதைப் போர்ட் எண் கொண்ட யூடிபி பாக்கெட்டுக்குள் (போர்ட் 4500) பொதிந்து அனுப்பும் முறை 2005இல் தரமாக்கப்பட்டது. சேவையகத்தில் அது அணைக்கப்பட்டிருந்தால், கடவுச்சொல் சரியாகவே இருந்தாலும் தரவு நகராமல் போகலாம். அப்போது மெய்நிகர் கணினியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, ரவுட்டரிடமிருந்து தனி முகவரி வாங்கவைத்துப் பார்க்கலாம். ரவுட்டரும் முகவரியை மாற்றுவதால் இது எப்போதும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. வயர்கார்டுக்கும் ஓபன்விபிஎன்னுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவை வழக்கமாகச் சாதாரண யூடிபி பாக்கெட்டுகளாகவே பயணிக்கின்றன.

விபிஎன்னைத் தாய்க் கணினியிலேயே நிறுவிவிடுவதும் ஒரு வழி. மேக்கில் இப்போதைய விபிஎன் செயலிகள் கெர்னலைத் தொடாமல், இயங்குதளம் அதற்கென்றே தரும் வசதியின் மூலம் இயங்க முடிகிறது. மெய்நிகர் கணினி தாய்க் கணினியின் முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் வரை, அதன் பாக்கெட்டுகளும் பெரும்பாலும் அதே சுரங்கத்தில் இறங்கிவிடும். பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால் அவை சுரங்கத்தைத் தவிர்த்து நேராக வெளியே போகும். ரகசியம் முக்கியம் என்பவர்கள் இதை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும்: வெளியே விபிஎன் சின்னம் எரிந்துகொண்டிருக்கும், உள்ளே இருக்கும் கணினி மறைப்பே இல்லாமல் உலவிக்கொண்டிருக்கும். மெய்நிகர் கணினிக்குள்ளிருந்தே தன் பொது முகவரியைச் சோதித்துப் பார்ப்பது ஒன்றுதான் உறுதி தரும்.

இணைந்துவிட்டது, சிறிய பக்கங்கள் வருகின்றன, பெரியவை பாதியில் நிற்கின்றன என்றால் அது பாக்கெட் அளவின் கோளாறாக இருக்கலாம். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். சுரங்கத்தின் உறைக்கும் அதற்குள்ளேயே இடம் விட வேண்டியிருப்பதால் வயர்கார்டு வழக்கமாக 1420 பைட்டோடு நிறுத்திக்கொள்கிறது. தாய்க் கணினியிலும் ஒரு விபிஎன் ஓடினால் உறைக்குள் உறை. உள்ளே இருக்கும் அளவை 1280 வரை இறக்கிப் பார்க்க வேண்டும். சில இடங்கள் மட்டும் எட்டவே இல்லை என்றால் முகவரிகள் மோதுகின்றனவா என்று பார்க்கலாம். விர்ச்சுவல்பாக்ஸும் கியூஇஎம்யூவும் உள்ளே இருக்கும் கணினிக்கு 10.0.2 என்று தொடங்கும் முகவரிகளை வழங்குகின்றன. அலுவலகப் பிணையமும் அதே எண்களைப் பயன்படுத்தினால், கெர்னல் அந்தப் பாக்கெட்டுகளைச் சுரங்கத்துக்கு அனுப்பாமல் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். மெய்நிகர் பிணையத்தின் எண் வரிசையை மாற்றிக் கொடுத்தால் அவை தம் வழியில் போய்விடும்.