காற்றில் நிற்கும் நாணயம்

இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து மூடியது போல ஒரு கருவி. மேலே வட்டத் துளை, அதில் ஒரு நாணயம். எடுக்கப் போனால் விரலில் ஒன்றும் சிக்காது. இது ஹோலோகிராமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, பள்ளியில் படித்த குழி ஆடிதான். ஒன்றுக்குப் பதில் இரண்டு.

இரண்டும் பரவளைய ஆடிகள். ஒவ்வொன்றின் குவியமும், அதாவது இணைக்கதிர்கள் பட்டுத் திரும்பிக் கூடும் புள்ளியும், எதிர் ஆடியின் நடுவில் விழும்படி அமைத்திருப்பார்கள். கீழ் ஆடியின் நடுவில் கிடக்கும் நாணயம், அப்படியானால், மேல் ஆடியின் குவியத்தில் இருக்கிறது. அதிலிருந்து மேலே போகும் ஒளி இணைக்கதிர்களாகத் திரும்பி, கீழ் ஆடியில் பட்டு, அதன் குவியமான துளையில் கூடுகிறது. அப்புறம் விரிந்து நம் கண்ணுக்கு வருகிறது. நிஜ நாணயம் அங்கே இருந்தாலும் கதிர்கள் இப்படித்தான் வரும்.

கதிர்கள் இப்படி உண்மையாகவே வந்து கூடி உண்டாவதுதான் மெய் பிம்பம். அதைத் திரையில் பிடிக்கக்கூடியது என்று மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறோமே, அதில் எனக்கு வருத்தம் உண்டு. திரை இல்லாமலும் பிம்பம் அங்கே இருக்கிறது, கண் போதும்.

பிரதிபலிப்பு இரண்டு முறை நடப்பதால் எழுத்துகள் இடவலம் மாறுவதில்லை. நாணயம் அரைச்சுற்று திரும்பியிருக்கும், அவ்வளவுதான். மேல்கீழும் மாறாது. குவியத் தொலைவு 10 செ.மீ., பொருளின் உயரம் 1 செ.மீ. என்று வைத்து ஆடிச் சமன்பாட்டை இரண்டு முறை போட்டால், பிம்பத்தின் உச்சி துளைக்குச் சுமார் 1.1 செ.மீ. மேலே வரும்.

இந்த விளைவைக் கவனித்தவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் துப்புரவுப் பணியாளராக இருந்த காலிஸ்ட் லாண்ட்ரி. பழைய தேடுவிளக்கு ஆடிகளைச் சுத்தம் செய்தபோது, துடைத்தும் போகாத தூசி அவர் கண்ணில் பட்டது. 1972இல் கிடைத்த காப்புரிமையில் இயற்பியலாளர் விர்ஜில் எலிங்ஸோடு அவர் பெயரும் இருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். சாய்வாக நின்று பிம்பத்தின் மேல் மெல்லிய டார்ச் ஒளியை அடியுங்கள். வெறும் காற்றுதானே, ஒளி கடந்து போய்விடும் என்று தோன்றும். ஆனால் ஒளி பட்ட எழுத்து மட்டும் பளிச்சென்று மின்னும்! டார்ச் ஒளி துளைக்குள் இறங்கி, கீழ் ஆடி, மேல் ஆடி என்று பிம்பக் கதிர்கள் வந்த வழியிலேயே எதிர்த்திசையில் போய், அசல் நாணயத்தின் அதே எழுத்தில் விழுகிறது. அங்கே சிதறும் ஒளி மறுபடி மேல் ஆடி, கீழ் ஆடி என்று ஏறி, நீங்கள் டார்ச் அடித்த அதே புள்ளியில் கூடுகிறது. லேசரை வைத்து மட்டும் முயல வேண்டாம்; உள்ளே பட்டுத் தெறித்து நேராகக் கண்ணுக்கு வந்துவிடும்.