பேஸ் கிட்டார் தந்தி: கம்பனியா, வயதா?

பேஸ் கிட்டாரிலிருந்து பழைய டடாரியோ கம்பனித் தந்தியைக் கழற்றிவிட்டு ரொட்டோசவுண்ட் கம்பனியின் புதுத் தந்தியை மாட்டியவர் "சவுண்டே மாறிட்டுது" என்பார். மாறியது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்கு கம்பனிக்கு உரியதல்ல, தந்தியின் வயதுக்கு உரியது. புது டடாரியோவைப் போட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். திருகோணமலையில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல்; இங்கே தந்தி சீக்கிரம் கிழடுதட்டிவிடும்.

தடித்த ஈ தந்தி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. கூடவே 82, 123, 164 என்று மடங்குகளிலும் அதிர்கிறது. கோயில் திருவிழாவில் கட்டுகிற குழாய் ஒலிபெருக்கியால் அந்த 41ஐ எழுப்பவே முடியாது. ஆனாலும் கீழ்ச்சுரம் நமக்குக் கேட்கிறது. மேலேயுள்ள மடங்குகளின் இடைவெளியை வைத்து அடிச்சுரத்தை மூளையே ஊகித்துக்கொள்கிறது. மடங்குகள் அடங்கினால் பேஸும் போச்சு.

அவற்றை அடக்குவது அழுக்கு. ஒரே தடித்த கம்பியாக இருந்தால் தந்தி விறைத்து, மடங்குகள் பிசகும். அதனால் மெல்லிய உருக்குக் கம்பியின்மேல் இன்னொரு கம்பியைச் சுருளாகச் சுற்றிப் பாரம் ஏற்றுகிறார்கள். அந்தச் சுருள்களின் இடுக்கில்தான் வியர்வையும் தோல்துகளும் உப்பும் அடைகின்றன. வேகமான அதிர்வுகள் முதலில் அடங்கும். அழுக்கு ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் படிவதால், விரல் வைக்காத திறந்த தந்தி டியூனரில் சரியாக நின்றாலும், 12ஆவது ஃப்ரெட்டில் (கிட்டார்க் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தினால் சுரம் விலகும். பழைய தந்தியின் நீளவாக்கில் நகத்தை இழுத்துப் பாருங்கள், கறுப்பாக ஒட்டும்.

கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து வருவதால் வியர்வை மட்டுமே தொல்லை. வாடைக்காற்று கடலிலிருந்து உப்பையும் ஈரத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் வாசிப்பவருக்கு, நிக்கல் பூச்சு தேய்ந்த இடத்தில் துரு பிடிப்பது புதினமில்லை.

சரி, புதியதோடு புதியதை ஒப்பிட்டால்? ரொட்டோசவுண்ட் ஸ்விங் பேஸ் 66 துருப்பிடிக்காத உருக்கால் சுற்றியது. கணீரென்று ஒலிக்கும், ஃப்ரெட்டையும் தேய்க்கும். டடாரியோவின் ஈஎக்ஸ்எல் 170 நிக்கல் பூசிய உருக்கு, சற்று மிருது. ஆனால் முதலாவதன் வழக்கமான செட்டில் ஈ தந்தியின் தடிப்பு அங்குலத்தில் ஆயிரத்தில் 105 பங்கு, மற்றதில் 100. அந்தத் தடிப்பால் பாரம் ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது; அதே சுரத்துக்கு இழுவிசையும் அவ்வளவே கூடும். விரலுக்குத் தெரியும் அந்த முரட்டுத்தனத்தைக் கம்பனியின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

லா பெல்லாவின் தட்டைச் சுற்றுத் தந்தி வேறு சாதி. உருண்டைக் கம்பிக்குப் பதில் தட்டை நாடா, ஆகவே அழுக்குக்கு இடுக்கு குறைவு. தொடக்கத்திலேயே மந்தமாக ஒலிப்பதால் கிழடானாலும் பெரிதாகத் தெரியாது. அமெரிக்க இசைத்தட்டுக் கம்பனியான மோட்டவுனின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இதைத்தான் போட்டார், மாற்றுவதும் அரிது. எலிக்ஸர் வேறு வழி: தந்தியின் மேலே மெல்லிய பிளாஸ்டிக் தோல். விலை கூடுதல்தான், ஆனால் கணீர் ஒலியும் வேண்டும், கடலோரத்திலும் வாசிக்கவேண்டும் என்பவருக்கு என் பரிந்துரை இதுவே.

கைக்காசு குறைந்தவர்கள் பூச்சில்லாத தந்தியைக் கழற்றிக் கொதிநீரில் போட்டெடுக்கிறார்கள். அழுக்குக் கரைந்து ஒலி கொஞ்சநாள் திரும்பும். உள்ளே ஈரம் தங்கினால் நடுக்கம்பி துருவேறும். நன்றாகக் காயவிட்டே மாட்டவேண்டும்.