ஃபிலாசஃபர் என்பவர் ஞானியா?

ஃபிலாசஃபர் என்ற சொல்லைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் கை தானாக எழுதுவது தத்துவஞானி. சாக்ரடீஸ் தத்துவஞானி, நீட்சே தத்துவஞானி, பெர்ட்ரண்ட் ரஸ்ஸல்கூட தத்துவஞானிதான். எனக்கு அந்த 'ஞானி'யில்தான் இடிக்கிறது.

கிரேக்க மூலம் ஃபிலோசோஃபோஸ். ஃபிலோஸ் என்றால் நேசிப்பவன், நண்பன். சோஃபியா என்றால் ஞானம். இந்த சோஃபியாவும் பிறந்தபோதே இவ்வளவு உயரத்தில் இருக்கவில்லை. ஹோமரின் இலியத் காவியத்தில் கப்பல் மரத்துக்கு நூல் பிடிக்கும் தச்சனின் கைத்திறனுக்குத்தான் அந்தச் சொல் வருகிறது. (நம் நன்னூலும் மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல மனக்கோணலைத் தீர்ப்பது நூல் என்கிறது. தச்சர்கள் எல்லா ஊரிலும் அறிவுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறார்கள் போல.)

ஆக, ஃபிலோசோஃபோஸ் ஞானத்தின்மேல் ஆசை வைத்தவர், அவ்வளவுதான். ஞானம் கைக்கு வந்துவிட்டதா என்பதைப் பற்றிச் சொல் வாயே திறக்கவில்லை. பிளேட்டோ இதை இன்னும் கறாராகச் சொல்கிறார்: தேவர்கள் யாரும் ஞானத்தைத் தேடுவதில்லை, ஏனென்றால் அவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. இந்தப் பெயரை முதலில் தனக்குச் சூட்டிக்கொண்டவர் பித்தாகரஸ் என்று ஒரு கதை உண்டு, பல நூற்றாண்டு கழித்து ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதியது. திருவிழாவுக்குச் சிலர் போட்டியிட வருகிறார்கள், சிலர் வியாபாரம் செய்ய வருகிறார்கள், சிலர் சும்மா வேடிக்கை பார்க்க வருகிறார்கள், அந்த வேடிக்கை பார்க்கிற கூட்டம்தான் நாங்கள் என்றாராம்.

லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் சொல்லை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டன. ஆங்கிலத்தில் கடைசியில் நிற்கும் 'ர்' மட்டும் கிரேக்கத்தில் கிடையாது, இங்கிலாந்தில் பேசிய நார்மன் பிரெஞ்சு வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. அரபியில் ஃபைலசூஃப் ஆகி, அரபு இலக்கணப்படியே ஃபலாசிஃபா என்று பன்மையும் வாங்கி, அந்த மண்ணிலேயே பிறந்த சொல் மாதிரி ஆகிவிட்டது. அங்கிருந்து கிளம்பி இந்தோனேசியாவில் ஃபில்சுஃப். சுவாஹிலியில் இன்னும் அழகு: ம்வானாஃபல்சஃபா, பிரித்தால் 'ஃபல்சஃபாவின் (தத்துவத்தின்) பிள்ளை'. துருக்கியில் யாராவது நீட்டி முழக்கினால் 'ஃபெல்செஃபே யப்மா' என்பார்கள், நாம் 'தத்துவம் பேசாதே' என்கிற அதே சலிப்பு.

சில மொழிகள் மொழிபெயர்த்தன. அதில் ஆசையைத் தக்கவைத்தவை கொஞ்சம்தான். டச்சு மொழியின் வைஸ்கேர் ஞானத்தை விரும்புகிறவர். ரஷ்ய மொழியின் பழைய லியுபோமுத்ர் என்பதும் அதேதான். 1820களில் மாஸ்கோ இளைஞர்கள் சிலர், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர்களான ஃபிலோசோஃப்களோடு தங்களைச் சேர்த்துவிடக் கூடாதென்று, வேண்டுமென்றே இந்தச் சொல்லைத் தங்கள் குழுவுக்கு வைத்தார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் ஆசையை விட்டுவிட்டு உலகத்தைச் சேர்த்தார்கள், அங்கே அவர் 'உலக ஞானி'. ஜப்பானில் மேற்கத்தியத் தத்துவத்தை அறிமுகப்படுத்திய நிஷி அமானே முதலில் 'ஞானத்தை நாடும் கல்வி' என்று பொருள்பட கிதெட்சுகாகு என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் நாட்டத்தைக் குறிக்கும் 'கி' உதிர்ந்து, அவருடைய 1874 நூலில் தெட்சுகாகு மட்டும் நின்றது. சீனம், கொரியம், வியட்நாமியம் எல்லாம் அந்தச் சுருங்கிய சொல்லைத்தான் வாங்கின.

சரி, தமிழுக்கு வருவோம். தத்துவம் என்பது தத் (அது), த்வம் (தன்மை) சேர்ந்த சமஸ்கிருதச் சொல். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஞானி என்றால் அறிந்து முடித்தவர். கடைசிவரை சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்த ஸ்காட்லாந்துச் சிந்தனையாளர் டேவிட் ஹியூமை அப்படி அழைத்தால் அவரே சங்கடப்படுவார். மணிமேகலையில் வரும் 'சமயக்கணக்கர்' விவாதிக்கிறவர்கள் என்பதால் இதைவிடப் பொருந்தும், ஆனால் இன்று கணக்கர் என்றால் பேரேடுதான் நினைவுக்கு வரும். மெய்யியலாளர் நல்ல சொல், இலங்கைத் தமிழில் நன்றாகவே ஊன்றிவிட்டது. மெய் என்றால் உடம்பும்தான் என்பதால் முதல்முறை கேட்பவர் ஏதோ மருத்துவப் படிப்பு என்று நினைக்கலாம், பழகினால் சரியாகிவிடும்.

எழுத்துக்கு எழுத்து வேண்டுமென்றால் தமிழிலேயே இருக்கிறது: அறிவார்வலர். 'அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ் ஆர்வலர்' என்ற குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையவர், அதாவது அச்சு அசல் ஃபிலோஸ். ஆனால் சமூக ஆர்வலர், சுற்றுச்சூழல் ஆர்வலர் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அறிவார்வலர் என்றால் கையில் பதாகையோடு நிற்பவர்தான் தெரிவார். அதனால் நான் மெய்யியலாளர் என்றே எழுதுகிறேன்.