சப்பர் கிளப்: காசு கட்டி உண்ணும் விருந்துக்கு என்ன பெயர்?

கொழும்பில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் சப்பர் கிளப். வெள்ளவத்தையில் ஒரு மாடி வீடாக இருக்கலாம், பம்பலப்பிட்டியில் ஒரு பழைய வீட்டின் விறாந்தையாக இருக்கலாம், விஷயம் ஒன்றுதான். சமையலை எந்தப் பள்ளியிலும் படிக்காத ஒருவர், தன் வீட்டு மேசையில், முன்பே காசு கட்டிய பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஓர் இரவு சமைத்துப் போடுகிறார். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மற்றப் பாதிப் பேரைத் தெரியாது. என்ன சாப்பாடு என்பதைச் சமைப்பவர்தான் தீர்மானிப்பார். அறிவிப்பு இன்ஸ்டகிராமில் வரும், காசு வங்கிக் கணக்குக்குப் போகும், வீட்டு முகவரி அதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப்பில் வரும். மச்சமா மரக்கறியா, இறால் ஒத்துக்கொள்ளுமா என்ற விசாரணையும் அப்போதே முடிந்துவிடும்.

இதை உணவகம் என்றால் பொருந்தாது. பசித்த நேரத்தில் போய்க் கதவைத் தட்ட முடியாதே. விருந்து என்றால் காசு இடிக்கிறது. அதனால்தான் தமிழில் கதைக்கிறவர்களும் ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் காதில் இது சப்பறம் என்று விழும். நல்லூரில் தேருக்கு முதல் நாள் மாலை இழுக்கிற சப்பறத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதலில் சப்பரைப் பார்ப்போம். பழைய பிரெஞ்சில் சூப்பே என்றால் மாலை உணவு. அதன் அடியில் கிடப்பது, ஆணத்தில் ஊறவைத்த ரொட்டித் துண்டு. நாம் குடிக்கிற சூப்பும் அதே குடும்பம்தான். ஆங்கிலத்தில் டின்னர் என்பது நாளின் பெரிய சாப்பாடு. முன்பெல்லாம் அது நடுப்பகலில்கூட நடந்தது. சப்பர் இரவுக்குரியது, சின்னது, வீட்டோடு முடிவது. ஆக, சொல்லின் வேரைப் பிடித்துப் போனால் நம் பக்கத்தில் சப்பருக்குக் கிட்டிய சாப்பாடு ஒடியற்கூழ் என்பேன். பனங்கிழங்கை அவிக்காமல் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை இறுத்து, மீன், நண்டு, இறால், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் போட்டுக் கொதிக்கும் பானையில் கரைத்து விடுவார்கள். பானையைச் சுற்றி உறவும் அயலும் இருந்து, பலா இலையை மடித்துக் குத்திய கோலியிலோ பனையோலைப் பிளாவிலோ வாங்கி உறிஞ்சுவார்கள். ஒரு ஆளுக்கென்று கூழ் காய்ச்சிய வீடு கிடையாது. அந்தக் கணக்குக்கு அளவு வராது.

இராப்போசனம் என்று சப்பருக்கு நேர்ச் சொல்லும் தமிழில் இருக்கிறது. ஆனால் அது எப்போதோ தேவாலயத்துக்குள் போய்விட்டது. தமிழ் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 11:20ஐத் திறந்தால் "கர்த்தருடைய இராப்போஜனம்" என்று இருக்கும். இன்றைக்கு 'இராப்போசனக் கழகம்' என்று அறிவிப்புப் போட்டால் வெள்ளைச் சட்டையும் பாட்டுப் புத்தகமுமாக யாராவது வந்து நிற்கக்கூடும்.

அடுத்தது கிளப். பழைய நோர்ஸ் மொழியில் அது தடி. கொல்ஃப் விளையாடும் கோலுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மதுச்சாலையில் கூடியவர்கள் செலவை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக் கட்டியதையும் அந்தச் சொல்லாலேயே குறித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கும் அதே பெயர் நிலைத்தது. ஆகவே சப்பர் கிளப்பில் காசு வாங்குகிறார்களே என்று முகம் சுளிப்பவர்கள் சொல்லைப் பார்த்தால் போதும், காசு அதற்குள்ளேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கிளப் வேறொரு வாழ்க்கை வாழ்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே காப்பி கிளப் என்றால் இட்டலியும் காப்பியும் விற்கிற கடை. கிளப்புக் கடை என்றும் சொன்னார்கள். உறுப்பினர் அட்டை எதுவும் வேண்டாம், பசி இருந்தால் போதும். இங்கே நாம் அதற்குச் சொல்வது சைவக்கடை, தேத்தண்ணிக் கடை. கொழும்புத் தமிழருக்குக் கிளப் என்றதும் நினைவில் வருவது விளையாட்டுதான். 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் அதற்கு நல்ல சாட்சி. எழுத்துத் தமிழில் அதைக் கழகம் என்கிறோம். கழகம் என்றால் தமிழ்நாட்டாருக்குக் கட்சி, நமக்கு உதைபந்தாட்டம், வள்ளுவருக்குச் சூதாடும் இடம். சாப்பாட்டுக்கு இந்த மூன்றும் சரிவராது.

இரண்டு சொல்லும் சேர்ந்த சப்பர் கிளப் அமெரிக்காவில் பேரெடுத்தது. 1920 முதல் 1933 வரை இருந்த மதுவிலக்கு நீங்கிய பின் விஸ்கான்சின் பக்கத்தில் ஊருக்கு வெளியே தெருவோரமாகப் பெருகிய உணவகங்களுக்கு அந்தப் பெயர். வெள்ளி இரவு பொரித்த மீன், சனி இரவு மாட்டிறைச்சி, முதலில் ஒரு பிராந்தி. அங்கே வீட்டுச் சமையல் என்ற பேச்சே இல்லை.

வீட்டுக்குள் அந்நியரைக் கூப்பிட்டுச் சோறு போடும் வழக்கம் வேறு திசைகளில் இருந்து வந்தது. சோவியத் உதவி நின்று கியூபா திண்டாடியபோது, 1993இல் வீட்டில் சாப்பாடு விற்க அரசு அனுமதி கொடுத்தது. தொடக்க காலத்தில் 12 நாற்காலிக்கு மேல் போடக் கூடாது. ஒரு பிரேசில் தொலைக்காட்சித் தொடரில் வந்த கடையின் பெயரான பலதார் என்பதையே அந்த வீடுகளுக்கும் வைத்துவிட்டார்கள். இலண்டனில் கெர்ஸ்டின் ரோட்ஜர்ஸ் 2009 ஜனவரியில் தன் வீட்டு வரவேற்பறையில் மேசை போட்டார். கொல்கத்தாவைச் சேர்ந்த அஸ்மா கான் 2012இல் தன் இலண்டன் வீட்டில் பிரியாணி விருந்து வைக்கத் தொடங்கி, 2017இல் அதை உணவகமாக்கினார். படித்தது சட்டம், முனைவர் பட்டம் வரை. சமையல், வீட்டில் கற்றது. அவருடைய குசினியில் நின்ற பெண்களும் அப்படித்தான், யாரும் பயிற்சி பெற்ற செஃப் கிடையாது. இன்றைக்குக் கொழும்பில் ஒருவர் சப்பர் கிளப் என்று சொல்லும்போது மனதில் இருப்பது இந்த இலண்டன் பொருள்தான், விஸ்கான்சின் பொருள் இல்லை.

பெயர்தான் புதிது, பழக்கம் அவ்வளவு புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து உத்தியோகத்துக்கு வந்த இளைஞர்கள் கொழும்பில் அறை எடுத்துத் தங்கிய காலத்தில், ஏதாவது ஒரு வீட்டில் மாதக் காசு கொடுத்துச் சாப்பிட்டார்கள். பறங்கியர் வீடுகளில் லம்ப்ரைஸ், அதாவது வாழையிலையில் பொதிந்த சோறும் கறியும், சொல்லிவைத்து வாங்குவது பழைய வழக்கம். பெயரே ஒல்லாந்தச் சொல்லில் இருந்து வந்தது. முஸ்லிம் வீட்டு விசேஷங்களில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து அந்த ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் யார் என்பது முதல் பிடி சோற்றுக்குப் பிறகுதான் தெரியவரும். அப்புறம் 2020இல் ஊரடங்கு வந்தது. ஓடருக்குச் சமைத்துப் பார்சல் கொடுக்கத் தொடங்கிய பல வீடுகளுக்குத் தங்கள் கைப்பக்குவத்துக்கு ஒரு விலை உண்டு என்பது அப்போதுதான் பிடிபட்டது.

வெள்ளவத்தையில் நான் போன ஒரு வீட்டைச் சொல்கிறேன். சமைப்பவர் பகலில் கணக்காளர். சாப்பாட்டு மேசையோடு ஒரு மடக்கு மேசையைச் சேர்த்து, இரண்டின் உயர வித்தியாசம் தெரியாமல் இருக்கத் தடித்த சீலை விரித்திருந்தார். காலி வீதி இரைச்சலுக்கு யன்னல் சாத்தியிருந்தது. கடற்கரைப் பக்கம் ரயில் போகிறபோது மட்டும் கோப்பைகள் கிணுகிணுத்தன. முதலில் சின்னக் கிண்ணத்தில் கூழ், பிறகு பிட்டு, சொதி, கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், கடைசியில் வட்டிலப்பம். ஒவ்வொன்றும் வரும்போது அவர் குசினி வாசலில் நின்று, இதில் பழப்புளி ஏன், கணவாயை ஏன் கனநேரம் வேகவிடக் கூடாது என்று சொன்னார். கதை கொஞ்சம் நீளம்தான். பிட்டு ஆறுகிறதே என்று எனக்குள் ஒரு தவிப்பு.

அவருடைய அம்மாவைத்தான் அன்று அதிகம் கவனித்தேன். "தம்பி, இன்னும் கொஞ்சம் வையுங்கோ" என்று ஒவ்வொருவர் பின்னாலும் வந்தார். விடைபெறும்போது மிஞ்சிய பிட்டைப் பொட்டலம் கட்டிக் கையில் திணித்தார். வேண்டாம் அன்ரி, காசுக்குக் கணக்காகவே சாப்பிட்டாயிற்று என்று ஒருவர் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "காசு வாங்கினது மகள். நான் வாங்கேல்ல" என்றார். காசு முன்பே வங்கி வழியாகப் போய்விடுவதன் வசதி அப்போது விளங்கியது. சாப்பிட்டவர் கையில் இருந்து காசை நேரே வாங்க அந்த வீட்டில் எவருக்கும் கை வராது.

இந்தச் சங்கடம் விருந்து என்ற சொல்லிலேயே இருக்கிறது. விருந்து என்பதன் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் செய்யுளியலில் புதிய வகை யாப்பையே விருந்து என்கிறது. புதிதாக வந்தவர் விருந்து, அவருக்குப் போட்ட சாப்பாடு அதன் பிறகு விருந்து. உறவினர் வந்து போவது பழைய கணக்கில் விருந்தாகாது, அது சுற்றம். "நோக்கக் குழையும் விருந்து" என்று குறள் சொல்வது, முகம் கொஞ்சம் திரிந்தாலும் வாடிப்போகிற அந்நியரை. குறுந்தொகையில் ஒரு பாட்டில், இரவு வாயிலை அடைக்கும் முன் "வருவீர் உளீரோ" என்று தெருவைப் பார்த்துக் கேட்கிறார்கள். யாராவது உண்டா, இருந்தால் வந்து சாப்பிட்டுப் போங்கள் என்று. கூப்பிட்ட பெயர்ப் பட்டியல் ஒன்றும் அவர்கள் கையில் இல்லை.

அப்படிப் பார்த்தால், முன்பின் தெரியாத ஆட்களை மேசைக்குக் கூப்பிடும் சப்பர் கிளப், சொந்தக்காரரை மட்டும் கூப்பிடும் நம் பிறந்தநாள் விருந்தைவிட விருந்து என்ற சொல்லுக்கு நெருக்கமானது. இடிப்பது காசு ஒன்றுதான். அந்த இடி பெரிது. 'கட்டண விருந்து' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது இலவசக் கடன் மாதிரி ஒலிக்கிறது. 'இல்ல உணவகம்' என்பதும் பார்த்தேன். கடதாசியில் சரி, வாயில் வராது. அதோடு, உணவகம் இல்லை என்பதுதானே இதன் சிறப்பு?

நான் சொல்வது வீட்டுப் பந்தி. பந்தி என்றால் ஒரே நேரத்தில் வரிசையாக இருந்து உண்பது. முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்கிறோம். சப்பர் கிளப்பின் இலக்கணமும் அதுதான்: எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே நேரம், ஒரே இருப்பு. யார் காசு கொடுத்தார்கள் என்பதைப் பற்றிப் பந்தி எதுவும் சொல்வதில்லை. உண்பவர்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்பதற்குப் பந்தி விசாரணை என்று பெயர் உண்டு. குசினி வாசலில் நின்று கணவாய்க்கு விளக்கம் சொன்னவர் செய்ததும் அதில் ஒரு வகை. ஒருவருக்கு நல்ல துண்டு, மற்றவருக்கு எலும்பு என்று பாகுபடுத்திப் பரிமாறினால் பந்திவஞ்சனை.

பந்தி தமிழ் வேர் இல்லை, பங்க்தி என்ற வடசொல்லில் இருந்து வந்தது என்று தனித்தமிழ் அன்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு மூன்று பந்தி எழுதச் சொல்லும்போது நாம் அதைப் பார்ப்பதில்லை, இங்கும் பார்க்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பந்தி நம் ஊரில் எல்லோருக்கும் திறந்திருந்த சொல் இல்லை. யாரோடு யார் ஒரே பந்தியில் இருக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. பள்ளிக்கூடங்களில் சம ஆசனமும் சமபந்திப் போசனமும் வேண்டும் என்பதற்கே யாழ்ப்பாணத்தில் போராட வேண்டியிருந்தது. 1960களின் பிற்பகுதியிலும் தேத்தண்ணிக் கடைக்குள் எல்லோரோடும் இருந்து குடிக்கும் உரிமைக்காக ஆட்கள் அடி வாங்கினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் எந்த ஊர், யாருடைய ஆள் என்று கேட்காமல் பிட்டைப் பிசைகிற ஒரு மேசைக்கு அந்தச் சொல்லைக் கொடுப்பதில் எனக்கு ஒரு திருப்தி. ஒரு தலைக்கு ஆயிரக்கணக்கில் கட்டக்கூடியவர்களுக்குத்தான் அந்த மேசை என்பதும் தெரிந்தே சொல்கிறேன். சாதி நின்ற வாசலில் இப்போது விலை நிற்கிறது.

சமைப்பவருக்கு என்ன பெயர்? பழந்தமிழில் சமைப்பவர் மடையர். மடை என்றால் சோறு. மடைப்பள்ளி அதில் இருந்து வந்தது. சொல் அழகானதுதான், ஆனால் இன்றைக்கு ஒருவரை வீட்டுக்குள் போய் மடையர் என்று கூப்பிட்டுவிட்டுச் சாப்பிட்டு எழும்ப முடியாது. அவரை அக்கா, அண்ணை என்றே கூப்பிடலாம். எழுத்தில் 'பந்தி வைப்பவர்' போதும்.

வாய்ப்பேச்சில் சப்பர் கிளப் இருந்துவிட்டுப் போகட்டும், அழைப்பை மட்டும் தமிழில் எழுதிப் பாருங்கள். சீட் என்பதற்குப் பதில் இலை என்று எழுதலாம். கல்யாண வீட்டில் எத்தனை இலை போட்டார்கள் என்று கேட்பது நம் வழக்கம்தானே. 'சனிக்கிழமை இரவு வீட்டுப் பந்தி, மச்சம், பன்னிரண்டு இலை, வியாழனுக்குள் சொல்லவும்.' எல்லாம் நிரம்பிவிட்டால் 'இலை முடிந்தது' என்று ஒரு வரி போடுங்கள்.