நியூரோபெப்டைடு: நரம்புப் புரதக்கூறு

கண் மருத்துவத்தில் அடிக்கடி வரும் நியூரோபெப்டைடு என்ற சொல்லைச் சிலர் 'நரம்புப் புரதம்' என்று தமிழாக்குகிறார்கள். இது பொருந்தாது. புரதம் என்றால் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்த நெடுஞ்சங்கிலி. பெப்டைடு அதைவிட மிகக் குறுகியது. பெப்டைடுக்குப் 'புரதக்கூறு' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே நரம்புப் புரதக்கூறு என்பதே தகும். நரம்புச் செல்கள் தாமே செய்து வெளிவிடும் புரதக்கூறு என்று பொருள்.

நியூரான் என்ற சொல் பழங்கிரேக்கத்தில் தசைநாணையும் கயிற்றையும் குறித்தது. தமிழிலும் யாழில் கட்டியது நரம்பு, உடலில் ஓடுவதும் நரம்பு. பெப்டைடு என்பது செரித்தலைக் குறிக்கும் கிரேக்க வேரில் பிறந்தது. இரைப்பையில் சுரக்கும் பெப்சினும் அதன் உறவே. ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1902-இல் இந்தப் பெயரை வைத்தார். இரண்டையும் ஒட்டி நியூரோபெப்டைடு என்று வழங்கத் தொடங்கியது 1970-களில்தான்.

ஆனால் பொருள் பெயருக்கு முந்தியது. உல்ஃப் வான் ஆய்லரும் ஜான் கேடமும் 1931-இல், லண்டனில், குதிரையின் குடலிலிருந்தும் மூளையிலிருந்தும் எடுத்த சாற்றில் ஒன்றைக் கண்டார்கள். அது குடலைச் சுருக்கியது, இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. அதற்கு 'சப்ஸ்டன்ஸ் பி' என்று பெயர். அந்தப் 'பி' தூளாக எடுத்த தயாரிப்புக்கு இட்ட அடையாளம் மட்டுமே. வலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து என்று சொல்வது பிற்காலக் கற்பனை. அது 11 அமினோ அமிலங்களால் ஆனது என்று சூசன் லீமனின் குழு கண்டறிய 1971 ஆகிவிட்டது. கண்ணில் இதனுடன் சேர்ந்து வேலை செய்வது 37 அமினோ அமிலங்கள் கொண்ட கால்சிட்டோனின் மரபணுசார் புரதக்கூறு என்ற மற்றொரு நரம்புப் புரதக்கூறு.

கண்ணில் இந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு வேலை? கருவிழி என்று மருத்துவமனைகளில் சொல்லும் கார்னியாவில் இரத்தக் குழாயே கிடையாது. (கண்ணாடிபோல் தெளிந்த படலத்துக்குக் கருவிழி என்று பெயர் எப்படி வந்ததோ!) ஆனால் உடலில் உணர்நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடமும் அதுவே. இந்த நரம்புகள், முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் முப்பெருநரம்பின் கண்கிளையைச் சேர்ந்தவை. அவற்றின் செல்லுடல் மண்டையோட்டின் அடிப்பகுதியில் ஒரு நரம்புமுடிச்சில் இருக்கிறது. புரதக்கூறுகள் அங்கே தயாராகி, நுண்பைகளில் அடைபட்டு, நரம்பிழை வழியே நுனிவரை வந்து காத்திருக்கின்றன.

நகக்கீறலோ காரமோ பட்டதும் நுனி இரண்டு காரியம் செய்கிறது. மூளைக்கு வலியைச் சொல்கிறது. அதே வேகத்தில் தன் கையிருப்பைச் சுற்றியுள்ள திசுவில் கொட்டுகிறது. கருவிழியின் விளிம்பிலும், அதன் பின்னுள்ள நிறத்திரையான ஐரிஸிலும் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, கண் சிவக்கிறது. குழாய்ச் சுவர் நெகிழ்ந்து, இரத்தத்தின் புரதம் கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடையிலுள்ள முன்னறை நீரில் கசிகிறது. நலமான கண்ணில், கண் மருத்துவர் பயன்படுத்தும் பிளவொளி நுண்ணோக்கியின் (ஸ்லிட் லேம்ப்) ஒளிக்கற்றை அந்த நீரைக் கடக்கும்போது தடமே தெரியாது. புரதம் கசிந்துவிட்டால், தூசி நிறைந்த அறையில் விழும் வெயில்போல் கற்றை மங்கலாகத் துலங்கும். முயலின் கண்ணில் பாவையும் (ஐரிஸின் நடுத்துளை) சுருங்குகிறது, பாவையை விரிக்கும் மருந்தான அட்ரோபினைச் சொட்டினாலும் விரியாத சுருக்கம். மனிதக் கண்ணில் சப்ஸ்டன்ஸ் பி-யால் பாவை அவ்வளவாகச் சுருங்குவதில்லை. முயலில் கண்டதை நமக்கு அப்படியே ஏற்றிச் சொல்லக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

இதை நரம்பு செய்கிறது என்பது எப்படித் தெரிந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நினியன் புரூஸ் விலங்குகளின் கண்ணில் கடுகெண்ணெய் இட்டுப் பார்த்தார். உணர்நரம்பை வெட்டிய உடனே இட்டால் கண் வழக்கம்போல் சிவந்தது. நாள் கடந்து நரம்பு நுனிகள் அழிந்தபின் இட்டால் அழற்சி வரவில்லை. ஆகவே மூளையின் கட்டளை இதற்குத் தேவையில்லை, உயிருள்ள நுனி போதும். இதை 'நரம்புவழி அழற்சி' என்பதே சரி. 'நரம்பழற்சி' என்று எழுதினால் நரம்பே வீங்கிய வேறொரு நோய் என்று பொருளாகிவிடும்.

அழற்சியைக் கிளப்புவது என்பதோடு இதன் கதை முடிந்துவிடவில்லை. கருவிழியின் மேலடுக்கான புறப்படலத்தின் செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்து நகர்ந்து புண்ணை மூடவும் சப்ஸ்டன்ஸ் பி உதவுகிறது. முயல் கருவிழியில் செய்த சோதனைகளில், செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதமான இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1 உடன் சேர்ந்தபோதுதான் அது பலன் தந்தது; தனித்து விட்டால் ஒன்றும் நடக்கவில்லை. எனவே இதை நல்லது, கெட்டது என்று முத்திரை குத்துவது வீண். எவ்வளவு, எப்போது, எதனோடு என்பதைப் பார்க்க வேண்டும். மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு எலிகளில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: ஒரு கண்ணின் கருவிழி நரம்பை வெட்டினால், தொடாத மறு கண்ணும் நோயெதிர்ப்புத் தாக்குதலிலிருந்து தனக்கிருந்த விலக்கை இழக்கிறது. அந்தச் செய்தியைக் கடத்துவதும் சப்ஸ்டன்ஸ் பி.

குறைந்தால் வருவதைப் பிரெஞ்சு மருத்துவர் மஜாந்தி 1824-லேயே கண்டிருந்தார்: முப்பெருநரம்பை வெட்டிய முயலின் கருவிழி புண்பட்டு வெளுத்தது. ஹெர்பீஸ் தொற்று, நெடுநாள் நீரிழிவு போன்றவற்றில் மனிதருக்கும் இது வரும். உணர்ச்சி மங்கியதால் நோயாளிக்கு வலியே இராது, புண்ணோ ஆறாது. பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டு, இமை சிமிட்டுகிறதா என்று மருத்துவர் பார்ப்பது இதற்காகத்தான். நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சொட்டு மருந்தாக்கிய செனெகெர்மின் ஐரோப்பாவில் 2017-லும் அமெரிக்காவில் 2018-லும் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. நோயின் ஆங்கிலப் பெயரான நியூரோட்ரோஃபிக் கெரடைட்டிஸில் நரம்பு, ஊட்டம், கருவிழி அழற்சி மூன்றும் உண்டு. ஆனால் சிக்கல் ஊட்டம் குறைவதில். தமிழில் 'நரம்பூட்டக் குறைவுக் கருவிழிநோய்' என்று எழுதலாம்.