பஃபர் – இடைத்தாங்கி

கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் இயக்கும் பழைய பாணி ஃபஸ் பெடல் வாங்குபவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, “அதற்கு முன்னால் பஃபர் வைக்காதே” என்பதுதான். பஃபர் என்றால் என்ன?

மெத்தென்ற பொருளில் அடி விழும் ஓசையைக் குறித்த ‘பஃப்’ என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து இந்தச் சொல் வந்ததாகக் கருதுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில், ரயில் பெட்டிகள் முட்டும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் வில் அமைப்புக்கு இது பெயரானது. ஒன்றின் பாதிப்பு மற்றதன்மேல் விழாமல் நடுவில் நிற்பது என்ற பொருளோடு மற்றத் துறைகளுக்கும் போனது. தமிழில் வேதியியலார் ‘தாங்கல் கரைசல்’ என்கிறார்கள், கணினித் துறையினர் ‘இடையகம்’ என்கிறார்கள். வெறும் ‘தாங்கி’ பேரிங்கைக் குறித்துவிடும். அதனால் பெடலுக்கு ‘இடைத்தாங்கி’ பொருந்தும் என்பது என் கருத்து.

கிடார் தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் என்பது மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய சுருள். அதன் சிக்னல் பலவீனமானது. நீளமான கேபிளில் போனால் ட்ரெபிள், அதாவது உச்ச ஒலிகள், மங்கும். பஃபர் அந்தச் சிக்னலைச் சுமார் 1 மெகாஓம் இம்பிடன்ஸில் (மாறும் மின்னோட்டத்துக்குச் சுற்று காட்டும் எதிர்ப்பு) வாங்கி, ஒலி அளவைக் கூட்டாமல், மிகக் குறைந்த இம்பிடன்ஸில் வெளியே தருகிறது. பிக்கப்புக்குச் சுமை தெரிவதில்லை.

ஆனால் 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் என்ற ஃபஸ் பெடலுக்கு அந்தச் சுமைதான் உயிர். இரண்டே டிரான்சிஸ்டர்கள், தொடக்கத்தில் ஜெர்மேனியம். உள்ளீட்டு இம்பிடன்ஸ் சில கிலோஓம்தான். பிக்கப் சுருளும் கிடாரின் வால்யூம் குமிழும் அந்தச் சுற்றின் உறுப்புகளாகவே ஆகிவிடுகின்றன. ட்ரெபிள் கொஞ்சம் மழுங்கி ஒலி கனிகிறது. வால்யூமைச் சற்றுக் குறைத்தால் கரகரப்பு விலகி, கிட்டத்தட்டத் தெளிவான நாதம் வருகிறது. ஃபஸ் ஃபேஸின் பெரிய அழகே இதுதான். நடுவில் பஃபர் வந்தால் இந்த உறவு அறுந்து, ஒலி கூர்மையாகிக் காதைக் குத்தும். குமிழைத் திருப்பினாலும் பழைய தெளிவு வராது.

அணைத்து வைத்த பெடலிலும் பஃபர் வேலை செய்யலாம். பாஸ் நிறுவனத்தின் பெரும்பாலான பெடல்கள் அப்படித்தான். அதனால் சுருதி பார்க்கும் ட்யூனர் உட்பட, ஃபஸ்ஸுக்கு முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் பாருங்கள். பிக் மஃப் என்ற இன்னொரு ஃபஸ் பெடல் இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது.

சரி, பஃபரே வேண்டாமா? கட்டாயம் வேண்டும், ஃபஸ்ஸுக்குப் பின்னால். கிடார், ஃபஸ், பிறகு பஃபர், அப்புறம் மற்றவை. வரிசையை மாற்ற முடியாவிட்டால், பஃபருக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவே பிக்கப்பைப் போல நடந்துகொள்ளும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றை வைப்பவர்களும் உண்டு.